175,000 ரூபாவுக்கு நாலு வயதுச் சிப்: யாழ்ப்பாணத்தில் லப்டொப் வாங்க முதல் பார்க்க வேண்டியவை

வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். மகள் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறா. யாழ்ப்பாணம் நகரத்தில் ஒரு கடையில் கோர் ஐ3-1215யூ சிப் (புரொசசர்), 8 ஜிபி றாம், 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு) உள்ள புதிய லப்டொப்புக்கு 175,000 ரூபா சொல்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் அந்தச் சிப் 2022இல் வந்தது. வீட்டில் 2018இல் வாங்கிய கோர் ஐ5-8250யூ லப்டொப் ஒன்று கிடக்கிறது: 4 ஜிபி றாம், 1 ரிபி ஹார்ட் டிஸ்க், திறக்கவே ஐந்து நிமிடம். பழைய சாமானுக்கு ஏன் இவ்வளவு விலை? வாங்குவதா, பொறுப்பதா, இருப்பதைத் திருத்துவதா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த விலைக்கு அதை வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் லப்டொப்பின் மதர்போர்டும் ஸ்கிறீனும் நல்லாயிருந்தால், எஸ்எஸ்டி ஒன்றும் றாம் ஒன்றும் போட்டுப் பாருங்கள். முகாமைத்துவப் படிப்புக்கு வேண்டிய வேர்ட், எக்செல், சூம், புள்ளிவிபரக் கணக்குக்கான எஸ்பிஎஸ்எஸ் எல்லாம் அதிலேயே ஓடும். அதன் சிப்புக்கு 4 கோர் (வேலைசெய்யும் மூளை), 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்) உண்டு; விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்கிறது. அந்த லப்டொப் மெதுவாக இருப்பதற்குச் சிப் காரணமில்லை, ஹார்ட் டிஸ்க்தான் காரணம்.

விலைக் கோபம் நியாயமானது. ஆனால் அதில் எவ்வளவு கடைக்காரர் தலையில், எவ்வளவு நாட்டின் தலையில் என்று பிரித்துப் பார்த்தால்தான் பேரம் பேச முடியும். 2022 மாசி முடியும்வரை டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. வைகாசி நடுவில் 360ஐத் தொட்டது. 600 டொலர் லப்டொப் 120,000 ரூபாவிலிருந்து 216,000 ரூபாவுக்கு ஏறியது, சாமானில் ஒரு ஆணிகூட மாறாமல். பிறகு டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. ஆனால் வரி ஏறியது. வற் 2022 நடுவில் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, அதே ஆண்டு 15 ஆகி, 2024 தை 1 முதல் 18 ஆகிவிட்டது. அதற்கு மேல் 2022 ஒக்டோபரிலிருந்து 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் இருக்கிறது.

கணக்கை நீங்களே போடலாம். வெளிநாட்டில் வரி சேராமல் 350 டொலருக்கு விற்கிற லப்டொப் என்று வையுங்கள். 300 ரூபாப்படி 105,000. வற்றோடு 123,900. மற்ற வரி, கப்பல் கூலி, கொழும்பு இறக்குமதியாளரின் பங்கு, யாழ்ப்பாணக் கடையின் பங்கு எல்லாம் சேர்த்து 140,000, 145,000 வரை வந்தால் எனக்கு அது நியாயமாகப் படும். அதற்கு மேல் சொல்லும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கடை ஏதாவது தரவேண்டும்: உரிமத்தோடு விண்டோஸ், கூடுதல் றாம், உள்ளூரிலேயே திருத்தித் தரும் வரன்ரி. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் அதே மாடலை என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொண்டு உள்ளூர்க் கடைக்குப் போங்கள். ஐந்து, ஆறாயிரம் ரூபா வித்தியாசத்துக்குக் கொழும்பில் வாங்குவதை நான் விரும்பமாட்டேன். பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப்போவது நீங்கள்தான்.

இனிச் சிப்பின் வயது. பெட்டியில் 2025 என்று ஒட்டியிருப்பது அது அடைக்கப்பட்ட ஆண்டு. உள்ளே இருக்கும் புரொசசர் எப்போது பிறந்தது என்பது வேறு விசயம். இன்ரெல், ஏஎம்டி இரண்டு கொம்பனியும் பழைய சிப்புக்குப் புதுப் பெயர் சூட்டி விற்கின்றன. கடைக்குப் போக முதல் பெயரை வாசிக்கப் பழகவேண்டும்.

இன்ரெல்லில் ஐ3, ஐ5, ஐ7 என்பது தரம்; தலைமுறை அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-7200யூ என்றால் 7ஆம் தலைமுறை, ஐ5-8250யூ என்றால் 8. ஐந்து இலக்கமாகவோ, 1 என்று தொடங்கும் நான்கு இலக்கமாகவோ இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 1115ஜி4 என்றால் 11, 1235யூ என்றால் 12, 1335யூ என்றால் 13. தரத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். 7ஆம் தலைமுறை ஐ5-7200யூவில் 2 கோர்தான். 12ஆம் தலைமுறை ஐ3-1215யூவில் 6 கோர். பழைய ஐ5ஐவிடப் புதிய ஐ3 மிக வேகமானது. இதைச் சொன்னால் கடையில் பலர் நம்பமாட்டார்கள்.

2024இலிருந்து இன்ரெல் ஐ என்ற எழுத்தையே எடுத்துவிட்டது. கோர் 5 120யூ என்று புதிதாக ஒரு பெயர் பார்ப்பீர்கள். அதற்குள் இருப்பது 13ஆம் தலைமுறை ஐ5-1335யூவின் அதே வடிவமைப்பு, அதே 10 கோர், உச்ச வேகம் மட்டும் கொஞ்சம் கூட. அதே விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். புதுச் சிப் என்று 30,000 கூடக் கேட்டால் கொடுக்கவேண்டாம். கோர் அல்ட்ரா என்பதுதான் உண்மையில் வேறு வடிவமைப்பு.

ஏஎம்டியில் பொறி இன்னும் ஆழம். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பின் தலைமுறை. ரைசன் 5 7520யூவில் மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019இல் வந்த சென் 2 வடிவமைப்பு. வெறும் 4 கோர். ரைசன் 5 7530யூவில் அது 3: சென் 3, 6 கோர். 7640இல் அது 4: சென் 4. 7520உம் 7530உம் கடை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் ரைசன் 5 என்றே ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். பத்து என்ற அந்த ஒரு வித்தியாசத்தில் இரண்டு கோரும் ஒரு முழுத் தலைமுறையும் போய்விடுகிறது. அதோடு 7520யூ, 7320யூ சிப்புகள் எல்பிடிடிஆர்5 நினைவகத்தோடு மட்டும்தான் வேலைசெய்யும். அந்த றாம் போர்டில் ஈயம்வைத்து ஒட்டப்பட்டது, பிறகு கூட்ட வழியே இல்லை. 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

தவிர்க்கவேண்டிய இன்னொன்று செலரோன் என்4020. 2019 கடைசியில் வந்த 2 கோர் சிப், 4 ஜிபி றாம், 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவுச் சேமிப்பு. மாணவர் லப்டொப் என்ற பெயரில் விற்கப்படும். உங்கள் வீட்டு 8250யூவின் மூன்றில் ஒரு பங்கு வேகம்கூட இதற்கு இல்லை. விண்டோஸ் அப்டேற் இரண்டு தடவை வந்தால் அந்த 64 ஜிபியில் இடம் முடிந்துவிடும். பிள்ளைக்கு மலிவாக ஒன்று என்று நினைத்து இதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மலிவுச் சிப்தான் வேண்டும் என்றால் குறைந்தது இன்ரெல் என்100 எடுங்கள். 2023இல் வந்தது, 4 கோர், 8250யூவுக்குக் கிட்ட நிற்கும்.

மேசைக் கணினியில் நடப்பது இதைவிட மோசம். கோர் ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, கண்ணாடிக் கேசிங், வண்ண விளக்கு என்று குறைந்த விலைக்கு விளம்பரம் வரும். ஐ7 எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐ7-3770 என்பார்கள். அது 2012 சித்திரையில் வந்த சிப். போர்டு சீனாவில் புதிதாக அடித்த எச்61 என்ற பழைய வகை, றாமும் பழைய டிடிஆர்3. போர்டு புதிது என்பதால் பிராண்ட் நியூ என்று விற்கிறார்கள். விண்டோஸ் 11 அதை ஏற்காது. 2022 தையில் வந்த சாதாரண ஐ3-12100க்கும் 4 கோர்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் அந்த ஐ7ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம். அந்தக் காசுக்கு வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து வரும் டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்பி எலைற்டெஸ்க், லெனோவோ திங்சென்ரர் பெட்டிகளில் ஐ5-8500 அல்லது 8500ரி உள்ளது தேடுங்கள். 6 கோர், விண்டோஸ் 11 ஏறும், பவர் சப்ளை நம்பிக்கையானது.

கடையில் நின்றபடியே சிப்பின் பிறந்த நாளைப் பார்க்கலாம். இன்ரெல் நிறுவனத்தின் ஆர்க் தளத்தில் சிப்பின் பெயரைப் போட்டால் வெளியான காலாண்டு அங்கே கிடக்கும். தொலைபேசியை விற்பனையாளரிடம் காட்டி, இது நாலு வருசத்துச் சிப், அதற்கேற்ற விலை சொல்லுங்கள் என்று கேளுங்கள். பழைய சிப்பை வாங்குவதில் பிழை இல்லை. 12ஆம் தலைமுறை இன்னும் பல வருசம் உழைக்கும். அதைப் புதுச் சிப்பின் விலைக்கு வாங்குவதுதான் பிழை.

பொறுத்தால் விலை இறங்காதா என்பது கேள்வியின் ஒரு பகுதி. சிப்பைப் பொறுத்தவரை இறங்கலாம். றாமைப் பொறுத்தவரை இப்போது நிலைமை தலைகீழ். 2025 கடைசிப் பகுதியிலிருந்து உலகம் முழுதும் றாம் விலை ஏறியது, ஏனென்றால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம் தன் குருஷியல் பெயரில் சில்லறைக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டுவோம் என்ற பழைய யோசனை இப்போது அவ்வளவு இலாபமில்லை. ஏற்கெனவே 16 ஜிபியோடு இருக்கும் லப்டொப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதே நல்லது. பழைய லப்டொப்பை விற்பதானால் றாமைக் கழற்றி வைத்துக்கொள்வது பற்றியும் யோசியுங்கள்.

இனி வீட்டில் கிடக்கும் லப்டொப்.

முதலில் அது திருத்தத் தகுந்ததா என்று பாருங்கள். ரச்பாட் மேலெழும்பியிருந்தால், அடிப்பக்கம் புடைத்திருந்தால் பற்றரி ஊதிவிட்டது. அதை இனிச் சார்ஜ் போடக்கூடாது, பற்றரியை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை. அடுத்து கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஹார்ட் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். 05, சி5 என்ற இரண்டு வரியில் ஏதாவது ஒன்றில், றோ வல்யூ என்ற நிரலில் பூச்சியத்தைத் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்கு எடுங்கள். அப்படியான டிஸ்கைக் குளோன் பண்ண, அதாவது முழுதாக அப்படியே நகலெடுக்க, முயல வேண்டாம். பாதி வழியில் நின்றுவிடும், சிலவேளை அந்த உழைப்பிலேயே டிஸ்க் போய்விடும்.

நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடும்போது செக்கனுக்கு நூறு தடவை அளவில்தான் வாசிக்கும். விண்டோஸ் திறக்கும்போது செய்வது முழுக்க அந்த வேலைதான். ராஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள்: டிஸ்க் 100 வீதத்தில் நிற்கும், புரொசசர் 10 வீதத்தில் சும்மா இருக்கும். ஒரு சாதாரண சாற்றா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் இணையும் அதே இணைப்பில் பொருந்துவது) அதே வேலையைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். இதனால்தான் ஐந்து நிமிடம் இருபது செக்கன் ஆகிறது. செக்கனுக்கு 550 எம்பியா 3500 எம்பியா என்ற பெட்டி எண்ணுக்கு இங்கே பெரிய அர்த்தம் இல்லை. மலிவான சாற்றாவே போதும்.

எந்த வடிவம் வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல, 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாற்றா எஸ்எஸ்டி கட்டாயம் பொருந்தும். சில லப்டொப்பில் குச்சி வடிவ எஸ்எஸ்டி போடும் எம்.2 துளையும் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து எம்.2 சிலதில் சாற்றா மட்டும் வேலைசெய்யும், சிலதில் என்விஎம்இ என்ற வேகமான வகை. குச்சியில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாற்றா, ஒரு வெட்டு என்றால் என்விஎம்இ. மாறி வாங்கினால் துளைக்குள் போனாலும் பயோசில் (விண்டோசுக்கு முதல் வரும் அமைப்புத் திரை) தெரியாது. மாடல் பெயரோடு சேர்விஸ் மனுவலைத் தேடிப் பாருங்கள், அல்லது 2.5 அங்குலத்தோடு நில்லுங்கள். பெயர் தெரியாத 2 ரிபி எஸ்எஸ்டி அரை விலைக்கு வந்தால் அது போலி. உள்ளே சிறு மெமரி காட் ஒன்றை வைத்து, அளவை மட்டும் கூட்டிக் காட்டும். 256 போதும், 512 தாராளம்.

றாமுக்கு சிபியூ-இசட் மென்பொருளில் எஸ்பிடி என்ற பகுதியைப் பாருங்கள். எத்தனை துளை, எதில் என்ன இருக்கிறது என்று அங்கே தெரியும். 8250யூவோடு வந்தவை பெரும்பாலும் டிடிஆர்4 2400, 260 பின், 1.2 வோல்ட். டிடிஆர்3எல் குச்சிக்கு 204 பின், 1.35 வோல்ட், வெட்டு இடம் வேறு, அழுத்தினால் துளை உடையும். ஒரு 8 ஜிபியை வெற்றுத் துளையில் போட்டால் மொத்தம் 12 ஆகும். 4உம் 8உம் சேர்ந்து ஓடுவதில் பிரச்சினை இல்லை.

மாற்றும் முறை இதுதான். வேறொரு கணினியில் மைக்ரோசொஃப்ற் தளத்திலிருந்து விண்டோஸ் 11 மீடியா கிரியேசன் ரூலை இறக்கி, 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் நிறுவல் பிரதியை எழுதுங்கள். லப்டொப்பை ஷிஃப்ற் விசையை அழுத்திக்கொண்டு ஷற்டவுண் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது முழுதாக அணையாது. சார்ஜரைக் கழற்றுங்கள். அடிப்பக்க ஸ்குறூக்களைச் சிறிய பிலிப்ஸ் ஸ்குறூ டிறைவரால் எடுங்கள், இரப்பர்க் கால்களுக்குக் கீழும் ஒளிந்திருக்கும். நீளம் வேறுபடும், எந்த இடத்தில் எது என்று ஒரு தாளில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்குறூவைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் முன்பக்கம் கைவைக்கும் தகட்டைத் துளைத்துக்கொண்டு வரும். பழைய ரீலோட் காட் ஒன்றால் விளிம்பை நெம்புங்கள், கத்தி வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பற்றரி இணைப்பைக் கழற்றுவது, பிறகு பவர் பட்டனை 15 செக்கன் அழுத்திப் பிடிப்பது. அதற்குப் பிறகே மற்றவற்றைத் தொடலாம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதே இடத்தில் எஸ்எஸ்டியைப் பூட்டுங்கள். றாம் சரிவாக உள்ளே போய், கீழே அழுத்த இரு பக்கக் கொளுக்கியும் கிளிக் என்று பூட்டும். தங்கநிறப் பல் வெளியே தெரிந்தால் முழுதாகப் போகவில்லை.

திறந்த கையோடு விசிறியைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் புழுதியும் வெக்கையும் ஏழெட்டு வருசத்தில் அதன் வாயில் ஒரு மெத்தையே கட்டியிருக்கும். தூரிகையால் எடுங்கள்; காற்று ஊதினால் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புரொசசருக்கு மேலுள்ள தேர்மல் பேஸ்ற் காய்ந்திருக்கும், அதையும் மாற்றலாம். சூடு 100 பாகையை நெருங்கினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைக்கும். குருநகர், பருத்தித்துறை போன்ற கடலோரத்தில் வைத்துப் பாவித்ததென்றால் யூஎஸ்பி, சார்ஜர் துளைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பற்றரியைத் திரும்ப இணைத்து மூடி, பென் டிரைவிலிருந்து திறந்து நிறுவுங்கள். அப்போது விண்டோஸ் டிஸ்க் எதுவும் இல்லை என்று சொன்னால் பயப்படவேண்டாம். 8ஆம் தலைமுறையில் பயோசில் சாற்றா மோட் ரெய்ட் அல்லது ஒப்ரேன் என்று கிடக்கும். ஏஎச்சிஐக்கு மாற்றினால் தெரியும். 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் லப்டொப்புகளில் இதே தொல்லை விஎம்டி என்ற அமைப்பால் வரும். அதற்கு இன்ரெல் ரப்பிட் ஸ்ரோறேஜ் டிறைவரைப் பென் டிரைவில் போட்டு நிறுவலின்போது ஏற்றவேண்டும். எஸ்எஸ்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில இந்தக் காரணத்தாலேயே போகின்றன. பழைய விண்டோஸ் உரிமம் மதர்போர்டில் பதிந்திருந்தால் நிறுவிய பிறகு இணையத்தில் இணைந்ததும் தானாக அக்ரிவேற் ஆகும். கழற்றிய ஹார்ட் டிஸ்க் நலமாக இருந்தால் யூஎஸ்பிக் கூடு ஒன்றில் போட்டுக் கொப்பி வைக்கப் பாவியுங்கள்.

உங்களுடையது 8ஆம் தலைமுறை என்பது அதிர்ஷ்டம். விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. தனிநபருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேற் உண்டு. 30 டொலர் கட்டலாம், அல்லது மைக்ரோசொஃப்ற் கணக்கோடு அமைப்புகளை இணைத்தால் காசில்லாமலே கிடைக்கும். விண்டோஸ் 11க்கு இன்ரெல் 8ஆம் தலைமுறையும் ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் தேவை. 7200யூ போன்றவற்றில் அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு, ஆனால் அப்டேற் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ற் பொறுப்பேற்பதில்லை. அப்படியானவற்றுக்கு லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள், 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் நிறுவினால் தமிழ்99உம் ஃபொனற்றிக்கும் வரும். எங்கள் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் கோப்புகள் திரிகின்றன, ஆகவே அந்த எழுத்துருவையும் கொப்பி பண்ணிப் போடுங்கள்.

சொந்தக்காரர் கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ கொண்டுவரும் லப்டொப் நல்ல வழிதான், பாவித்ததாக இருந்தாலும். ஆனால் ஆள் பிளேன் ஏற முதல் சிலதைக் கேட்கவேண்டும். பிரான்சில் வாங்கியதில் கியூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும். ஜேர்மனி, சுவிஸ் கீபோர்ட்டில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். விண்டோசில் அமைப்பை மாற்றலாம், அச்சடித்த எழுத்து மாறாது; புதிதாகத் தட்டச்சுப் பழகும் பிள்ளைக்கு அது தொல்லை. சார்ஜரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் கனடாச் சாமானும் எங்கள் 230 வோல்ட்டில் ஓடும், பின் மட்டும் மாற்றினால் போதும்.

பெரிய ஆபத்து கொம்பனி லப்டொப்பில் இருக்கிறது. வேலைத்தலத்துச் சாமான் முறையாக விடுவிக்கப்படாமல் வந்தால், விண்டோசை அழித்து இணையத்தோடு மீண்டும் நிறுவும்போது அந்தக் கொம்பனியின் லொகின் திரை வந்து நிற்கும். விற்பவர் இணையம் இல்லாமல் நிறுவி வைத்திருந்தால் முதல் நாள் தெரியாது. ஆகவே வாங்க முதல் உங்கள் முன்னிலையில் றீசெற் பண்ணி, வைஃபையோடு இணைத்துத் தொடக்கத் திரைகளைத் தாண்டிக் காட்டச் சொல்லுங்கள். பயோசுக்குள் போய் பாஸ்வேர்ட் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் வாங்கவேண்டாம்.

பற்றரியின் மிச்ச உயிரை அறிய, கமாண்ட் புரொம்ப்றில் பற்றரி ரிப்போட் எடுக்கச் சொல்லுங்கள். திருத்துபவர் எவருக்கும் அந்தக் கட்டளை தெரியும். அதில் டிசைன் கப்பாசிற்றி 42,000, ஃபுல் சார்ஜ் கப்பாசிற்றி 21,000 என்று வந்தால் பாதி போய்விட்டது, புதுப் பற்றரிக் காசை விலையில் கழியுங்கள்.

அப்பிள் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மலிவு மக்புக் என்று யாராவது நீட்டுவார்கள். பழைய வன்பொருளைப் பழைய விலைக்கே விற்பதில் அந்த நிறுவனத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு: மக் மினி 2014 ஒக்டோபருக்குப் பிறகு 2018 வரை மாறவே இல்லை, 2013இன் மக் புரோ 2019 வரை கடையில் கிடந்தது. 2017 மக்புக் எயாரில் 2 கோர், கூட்டமுடியாத றாம். மக்ஓஎஸ் 12க்கு மேல் ஏறாது. இன்ரெல் மக் எதையும் இப்போது வாங்கவேண்டாம், 2025இன் மக்ஓஎஸ் 26தான் அவற்றுக்குக் கடைசி. 2020 கடைசியில் வந்த எம்1 எயார் மட்டும் பாவித்ததாக இருந்தாலும் பார்க்கத் தகுந்தது, பழைய உரிமையாளர் தன் அப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்கியிருந்தால்.

திருத்தியும் சரிவராமல் புதிதாகத்தான் வாங்குவதென்று வந்தால் என் அளவுகோல்: ஐ5-1235யூ அல்லது 1335யூ, இல்லாவிட்டால் ரைசன் 5 7530யூ, 16 ஜிபி, அல்லது 8 ஜிபியோடு வெறுமையான ஒரு துளை, 1920க்கு 1080 ஐபிஎஸ் ஸ்கிறீன் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மங்காத வகை). 1366க்கு 768 ஸ்கிறீனில் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் கண்ணைக் குத்தும். இன்ரெல் ஐ5 வாங்கினால் டிவைஸ் மனேஜரில் கிராஃபிக்சின் பெயரைப் பாருங்கள். ஐரிஸ் எக்ஸ்ஈ என்று இருந்தால் இரண்டு றாம் தடமும் வேலைசெய்கிறது; யூஎச்டி என்று இருந்தால் ஒற்றைக் குச்சி, இன்னொன்று போட்டதும் பெயரும் வேகமும் மாறும். விலைப்பட்டியலில் டொஸ் என்று இருந்தால் விண்டோஸ் உரிமம் இல்லை என்று அர்த்தம். கடையில் போட்டுத் தருகிறோம் என்பது கிறாக் பிரதி. அதோடு வரும் கருவிகளில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும்.

காசு கொடுக்க முதல் அடிப்பக்கத்து இலக்கம், பெட்டி இலக்கம், பயோசில் தெரியும் இலக்கம் மூன்றும் ஒன்றா என்று பார்த்து, அதை உற்பத்தியாளரின் தளத்தில் போடுங்கள். வரன்ரி எந்தத் திகதியில் தொடங்கியது, எந்த நாட்டுக்கு என்று அங்கே வரும். ஒரு வருசம் முன்னரே தொடங்கியிருந்தால் அது திறந்த சாமான், அல்லது வேறு நாட்டுக்கு அனுப்பியது. ஏஜென்ற் வரன்ரியா கடை வரன்ரியா, கொழும்புக்கு அனுப்பும் செலவு யார் தலையில், பற்றரிக்கும் சார்ஜருக்கும் எத்தனை மாதம் என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி முத்திரை குத்தி வாங்குங்கள். புரொசசரின் முழுப் பெயரும் தொடர் இலக்கமும் அதில் இருக்கவேண்டும். லப்டொப் என்று மட்டும் எழுதித் தந்தால் பிறகு எதையும் நிறுவமுடியாது.

சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றாலோ, வரன்ரிக்குக் கடை கைவிரித்தாலோ, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்திலும், சாமான் விற்று 3 மாதத்துக்குள்ளும் கொடுக்கவேண்டும். ஆகவே திருத்தித் தருகிறோம், அடுத்த கிழமை வாங்கோ என்று கடை இழுத்தடிக்கும்போது நாளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கையளித்த திகதியோடு ஒரு துண்டு வாங்கிவையுங்கள், இரண்டாவது மாதம் முடியுமுன் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.